ஊருக்குப் போனால் என்ன வாங்கி வருவது?

சின்னாளப்பட்டிச் சேலையும் திண்டுக்கல் பூட்டும் சொல்லும் கதை

ஊருக்குப் போய்த் திரும்புகிறோம். வாசலில் பெட்டியை இறக்கி வைக்கிறோம். அடுத்த வீட்டு அம்மாள் எட்டிப் பார்க்கிறார். அவர் கேட்கும் முதல் கேள்வி என்ன?

"எல்லோரும் சுகமா?" என்பது அல்ல.

"என்ன வாங்கி வந்தீங்க?" என்பதுதான்!

இந்தக் கேள்விக்குப் பயந்தே பலர் எதையாவது வாங்கி விடுகிறார்கள். பஸ் புறப்படப் போகிறது. டிரைவர் "ஆரன்" அடிக்கிறார். ஓட்டமாக ஓடிப் போய், கையில் அகப்பட்டதை வாங்கிக்கொண்டு வந்து பஸ்சில் ஏறுகிறார்கள்.

உங்கள் வீட்டு அலமாரியை ஒரு தடவை திறந்து பாருங்கள். சிப்பியால் செய்த பிள்ளையார் இருப்பார். பிளாஸ்டிக் தாஜ்மகால் இருக்கும். படம் ஒட்டிய சாவி வளையம் இரண்டு மூன்று கிடக்கும்.

அந்தப் பிள்ளையாரை எங்கே வாங்கினீர்கள்? கன்னியாகுமரியிலா? ராமேசுவரத்திலா? எந்த ஆண்டு? யார் யார் கூட வந்தார்கள்? யோசித்தால் நினைவு வராது.

நினைவுக்காக வாங்கிய பொருள். ஆனால் அதைப் பற்றிய நினைவே இல்லை!

அப்பத்தா வாங்கிய சேலை

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன்.

1971-ம் ஆண்டு. நான் சிறு பையன். விருதுநகரில் இருந்து குடும்பத்தோடு பழனிக்குப் போனோம். அப்பத்தா, அப்பா, அம்மா, நான், என் அண்ணன் ஆகிய ஐந்து பேர்.

மலையில் இருந்து இறங்கியதும் அடிவாரத்துக் கடையில் அப்பா எனக்கு ஒரு பொம்மைப் பெட்டி வாங்கிக் கொடுத்தார். கண்ணருகே வைத்து, பொத்தானை அமுக்கினால் உள்ளே முருகன் படம் தெரியும். இன்னொரு தடவை அமுக்கினால் வள்ளி, தெய்வானை தெரிவார்கள். எனக்கு ஒரே குதூகலம்.

திரும்பும் வழியில், திண்டுக்கல் தாண்டியதும் அப்பத்தா பிடிவாதம் பிடித்தார். "சின்னாளப்பட்டியில இறங்கணும்" என்றார்.

"எதுக்கு ஆத்தா? பொழுது சாயுது" என்றார் அப்பா.

"மருமகளுக்கு ஒரு சுங்குடி எடுக்கணும். நீ நிழல்ல நில்லு. நாங்க போயிட்டு வர்றோம்."

அப்பத்தா ஒரு சேலையை எடுக்க மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டார். ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, துணியைப் பிரித்து, திருப்பி, வெயிலில் பிடித்துப் பார்த்தார். அந்த வீட்டு அம்மாள் மோர் கொடுத்தார். எத்தனை பிள்ளைகள், எந்த ஊர் என்றெல்லாம் இருவரும் பேசிக்கொண்டார்கள். கடைசியில் அரக்கு நிறத்தில் வெள்ளைப் புள்ளி போட்ட சேலை ஒன்றை எடுத்தார். அப்பா முணுமுணுத்துக்கொண்டே பணம் கொடுத்தார்.

பொம்மைப் பெட்டி மதுரை வருவதற்குள் உடைந்து விட்டது. அண்ணனும் நானும் இழுத்த இழுப்பில் முருகனும் தெரியவில்லை, வள்ளியும் தெரியவில்லை.

அந்தச் சேலையோ அப்படி அல்ல. அம்மா அதை ஏழு வருடம் கட்டினார். நூல் இளகி, பூப்போல மென்மையானது. 1978-ல் தங்கை பிறந்தபோது அதுவே தூளி ஆனது. உத்தரத்தில் கட்டி, அதில் போட்டுத்தான் அப்பத்தா அவளைத் தூங்க வைப்பார். தங்கை வளர்ந்த பிறகு, கிழிந்த பாகத்தை வெட்டி எறிந்து விட்டு, நல்ல பாகத்தை அம்மா மடித்துப் பெட்டியில் வைத்தார்.

அப்பத்தா போய் நெடுநாள் ஆகிறது. அப்பாவும் இல்லை. ஆனால் அந்தத் துணியை வெளியே எடுத்தால், மோர் கொடுத்த திண்ணை முதல் அப்பாவின் முணுமுணுப்பு வரை எல்லாம் திரும்பி வருகிறது. அப்படியே நாலு பேர் சுற்றி உட்கார்ந்து விடுவோம்.

சின்னாளப்பட்டி எங்கே இருக்கிறது?

திண்டுக்கல்லில் இருந்து மதுரை போகும் சாலையில், பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது இந்த ஊர். கிழக்கே சிறுமலை, நீலச் சுவர் போல நிற்கும். பக்கத்தில் அம்பாத்துரை ரெயில் நிலையம். இன்னும் பக்கத்தில் காந்திகிராமம்.

சின்னாளப்பட்டி நெசவாளர் ஊர். ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு தறிச் சத்தம் கேட்கும். விடியற்காலையில் தெருவில் பாவு நீட்டி, கஞ்சி தோய்த்து, இழை இழையாகச் சரி செய்வார்கள். இங்கே நெய்த செயற்கைப் பட்டுச் சேலைக்குச் "சின்னாளப்பட்டு" என்றே பெயர் உண்டு. பட்டு வாங்க முடியாத குடும்பங்களில் அதுதான் கலியாணச் சேலை.

அடுத்தபடியாகப் பெயர் பெற்றது சுங்குடி.

சுங்குடியின் சொந்தக்காரர்கள் சௌராஷ்டிரர்கள். இவர்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் குஜராத் பக்கத்தில் இருந்து புறப்பட்டு, விஜயநகரம் வழியாகத் தெற்கே வந்தவர்கள். நாயக்க மன்னர்கள் காலத்தில் மதுரையில் குடியேறினார்கள். அரண்மனைக்குத் துணி நெய்தார்கள். முடிச்சுப் போட்டுச் சாயம் தோய்க்கும் வித்தையும் அவர்களோடு வந்தது. மதுரையில் வளர்ந்த அந்தத் தொழில் சின்னாளப்பட்டிக்கும் பரவியது.

ஒரு புள்ளிக்கு ஒரு முடிச்சு

சுங்குடி எப்படித் தயாராகிறது? கேட்டால் ஆச்சரியப்படுவீர்கள்.

முதலில் வெள்ளைப் பருத்தித் துணி. அதில் எங்கெங்கே புள்ளி வர வேண்டுமோ அந்த இடத்தை நகத்தால் கிள்ளி எடுக்க வேண்டும். கிள்ளிய நுனியை நூலால் இறுகச் சுற்றி முடிச்சுப் போட வேண்டும். பிறகு அடுத்த புள்ளி. பிறகு அதற்கு அடுத்த புள்ளி. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள்!

பெரும்பாலும் வீட்டில் இருக்கும் பெண்கள்தான் முடிச்சுப் போடுவார்கள். சமையல் முடிந்து, பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, வாசல் வெளிச்சத்தில் உட்கார்ந்து போடுவார்கள். ஒரே சேலைக்கு நாள் கணக்கில் வேலை நடக்கும்.

முடிச்சுப் போட்ட துணியைச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் போகாது. அலசிக் காயவைத்த பிறகு, துணியின் இரண்டு பக்கத்தையும் பிடித்து இழுப்பார்கள். பட பட என்று முடிச்சுகள் தெறித்து விழும். முடிச்சு இருந்த இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி! இருட்டு வானத்தில் நட்சத்திரம் பூத்தது போல இருக்கும்.

இதைவிடச் சுலபமான வழி ஒன்றும் வந்தது. மெழுகை உருக்கி, அச்சுக் கட்டையில் தோய்த்து, துணியில் பதிப்பார்கள். மெழுகு பட்ட இடத்தில் சாயம் ஏறாது. பிறகு வெந்நீரில் போட்டால் மெழுகு கரைந்து வந்து விடும். மாங்காய், அன்னம், பூ என்று விதவிதமான உருவங்களை இப்படிப் போடலாம். இதுவும் கைவேலைதான். இதை நான் குறைவாகச் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது ஒன்று இருக்கிறது. வலைச் சட்டம் வைத்து, மேலே சாயத்தை இழுத்து விட்டு, ஒரு நாளைக்கு நூற்றுக்கணக்கில் அச்சடித்துத் தள்ளுவது. அதிலும் புள்ளிதான் இருக்கிறது. அதையும் "சுங்குடி" என்றுதான் விற்கிறார்கள். தொல்லை இங்கேதான் ஆரம்பம் ஆகிறது.

வேட்டி சிவந்த கதை

ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, வெளியூரில் ஒரு கண்காட்சிக்குப் போனேன். மனைவிக்குச் சுங்குடி எடுத்தேன். "ஒவ்வொரு புள்ளியும் கையால் முடிந்தது சார்!" என்று கடைக்காரர் சத்தியம் செய்யாத குறை. விலையும் அதற்கு ஏற்றபடி இருந்தது. நம்பி வாங்கினேன்.

முதல் தடவை துவைக்கும்போது அதே வாளியில் என் வெள்ளை வேட்டியும் விழுந்து விட்டது. வேட்டி வெளியே வந்தபோது ரோஜா நிறம்! அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன். "என்ன சார், ஹோலிப் பண்டிகையா?" என்று கேட்டார்கள்.

அம்மா அந்தச் சேலையை வாங்கிப் பார்த்தார். ஒரே நொடியில் திருப்பிப் போட்டார். பின்பக்கம் வெளிறிக் கிடந்தது.

"உங்க அப்பத்தா ஏன் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்கன்னு இப்பத் தெரியுதா?" என்றார்.

அன்று அம்மா சொல்லிக் கொடுத்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

துணியைத் திருப்பிப் பாருங்கள். சாயத்தில் முக்கிய துணியில் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே நிறமாக இருக்கும். மேலே அச்சடித்த துணியில் பின்பக்கம் வெளிறி இருக்கும். அடுத்து, புள்ளிகளை உற்றுப் பாருங்கள். கையால் முடிந்த புள்ளிகள் அச்சு வார்த்தது போல இருக்காது. ஒன்று கொஞ்சம் பெரிது, ஒன்று கொஞ்சம் சிறிது, ஒன்று கோணல். சில புள்ளிகளின் நடுவில் கடுகு போல நிறம் தெரியும். விரலால் தடவினால், முடிச்சு இருந்த இடம் லேசாகச் சுருங்கிப் புடைத்து இருக்கும். துவைக்கத் துவைக்க அந்தச் சுருக்கம் போய் விடும். ஆகையால் புதுச் சேலையில்தான் இதைப் பார்க்க முடியும்.

எல்லாப் புள்ளியும் ஒரே அளவில், ஒரே வரிசையில், கண்ணாடி போல இருந்தால் சந்தேகப்படுங்கள். அழகாக இருப்பதே அங்கே குற்றம்!

வாங்கி வந்த பிறகு முதல் சலவையைத் தனியாகச் செய்யுங்கள். பச்சைத் தண்ணீரில் ஒரு கைப்பிடி உப்பைப் போட்டு, கொஞ்ச நேரம் ஊற வைத்து அலசுங்கள். நிழலில் காயப்போடுங்கள். என் வேட்டிக்கு வந்த கதி உங்கள் வேட்டிக்கு வேண்டாம்.

முத்திரையும் குறியீடும்

"மதுரைச் சுங்குடி"க்கு 2005-ம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. அது என்ன?

ஒரு பொருள் ஒரு குறிப்பிட்ட ஊரின் மண்ணாலோ, கைத்திறனாலோ பெயர் பெற்றிருக்கும். அந்தப் பெயரை வேறு ஊர்க்காரர்கள் போட்டு விற்கக் கூடாது என்று அரசாங்கம் பதிவு செய்து கொடுக்கும் உரிமைதான் புவிசார் குறியீடு.

இன்னொன்று கைத்தறி முத்திரை. 2006-ம் ஆண்டில் மத்திய அரசு கொண்டு வந்தது. துணியில் அந்தச் சீட்டு இருந்தால், அது விசைத்தறியில் ஓடியது அல்ல, கைத்தறியில் நெய்தது என்று அர்த்தம். ஆனால் ஒரு விஷயம்: கைத்தறியில் நெய்த துணி என்பதற்குத்தான் அது சாட்சி. புள்ளியைக் கையால் முடிந்தார்களா என்பதை அது சொல்லாது. அதை நீங்கள்தான் துணியைத் திருப்பிப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவு பார்க்க வேண்டுமா என்று சிலர் கேட்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். நாள் கணக்கில் முடிச்சுப் போட்ட சேலையும், நிமிஷத்தில் அச்சடித்த சேலையும் ஒரே கம்பியில் பக்கத்தில் பக்கத்தில் தொங்குகின்றன. வாங்குகிறவருக்கு வித்தியாசம் தெரியாவிட்டால் விலை குறைந்ததைத்தானே எடுப்பார்? அப்படி எடுத்து எடுத்துத்தான் முடிச்சுப் போடுகிறவர்கள் குறைந்து போனார்கள். தாய் செய்த வேலையை மகள் செய்யவில்லை. கூலி கட்டவில்லை என்று நூல் ஆலைக்கும் கடைக்கும் வேலைக்குப் போய் விட்டாள். அவளைக் குறை சொல்ல நமக்கு வாய் இல்லை.

கையால் முடிந்தது விலை அதிகம். உங்கள் பணம் இடம் கொடுக்காவிட்டால் வேண்டாம். மெழுகு அச்சுச் சேலை எடுங்கள். அல்லது ஒரு துண்டு, ஒரு துப்பட்டா எடுங்கள். ஆனால், "இது எந்த விதம்?" என்று கேட்டு எடுங்கள். கேட்கிறவர்கள் இருந்தால்தான் சொல்கிறவர்களும் இருப்பார்கள்.

மணலும் தண்ணீரும்

பயண நினைவுப் பொருள் என்பது ஏதோ இந்தக் காலத்து நாகரிகம் என்று நினைக்க வேண்டாம். நம் முன்னோர்கள் அதை நன்றாக அறிந்தவர்கள்.

காசி யாத்திரை போகிறவர்கள் என்ன செய்தார்கள்? முதலில் ராமேசுவரம் போய்க் கடற்கரை மணலை எடுத்தார்கள். அதைச் சுமந்துகொண்டு வடக்கே போய்த் திரிவேணி சங்கமத்தில் கரைத்தார்கள். அங்கிருந்து கங்கைத் தண்ணீரைச் சொம்பில் அடைத்துக் கொண்டு வந்து, ராமேசுவரத்தில் அபிஷேகம் செய்தார்கள். இன்றைக்கும் அப்படிச் செய்கிறவர்கள் உண்டு.

மணலுக்கும் தண்ணீருக்கும் கடையில் என்ன விலை? ஒன்றும் இல்லை. ஆனால் காசிச் சொம்பை எந்த வீட்டிலாவது தூக்கி எறிவார்களா?

கொலு வைக்கிற வீடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு படியும் ஒரு பயணக் கணக்கு. "இந்தச் செட்டியார் பொம்மை மதுரை விளாச்சேரியில் வாங்கினது. இந்தத் தலையாட்டி தஞ்சாவூரில் வாங்கினது. இந்த மரப்பாச்சி பாட்டிக்குத் திருப்பதியில் வாங்கிக் கொடுத்தது" என்று வீட்டு அம்மாள் சொல்லிக்கொண்டே போவார். வருடத்துக்கு ஒன்று என்று சேர்த்தது. சுண்டலைவிட எனக்கு அந்தக் கதைதான் பிடிக்கும்.

ஜப்பான் தேசத்தில் இது ஒரு கட்டாயம் போலவே நடக்கிறது. வெளியூர் போகிறவர், அந்த ஊரின் பெயர் பெற்ற பலகாரத்தை வாங்கி வந்து, அக்கம்பக்கத்துக்கும் உடன் வேலை செய்கிறவர்களுக்கும் கொடுக்க வேண்டும். ரெயில் நிலையத்திலேயே அந்தந்த ஊர்ப் பலகாரத்தைப் பெட்டி பெட்டியாக அடுக்கி வைத்திருப்பார்கள். நம் பழனிப் பஞ்சாமிர்தமும் அந்த ஜாதிதான்.

பஞ்சாமிர்தத்துக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோவில் பிரசாதங்களில் முதலில் அதைப் பெற்றது இதுதான். மலைவாழைப்பழம், சர்க்கரை, தேன், நெய், ஏலக்காய் சேர்த்துப் பிசைவார்கள். ஒரு சொட்டுத் தண்ணீர் சேர்ப்பது கிடையாது. அதனால்தான் பல நாள் கெடாமல் இருக்கிறது.

அந்த மலைவாழைக்கும் ஒரு சோகக் கதை உண்டு. பழனி மலையிலும் சிறுமலையிலும் ஒரு காலத்தில் எங்கு பார்த்தாலும் வாழைதான். முடிக்கொத்து நோய் வந்து தோட்டம் தோட்டமாக அழித்து விட்டது. குருத்து விரியாமல், இலைகள் கொத்தாகக் குறுகி நின்று விடும். குலை தள்ளாது. இப்போது விளைவது பழைய விளைச்சலில் சிறு பங்குதான். சிறுமலைப் பழம் கண்ணில் பட்டால் ஒரு சீப்பு வாங்கி விடுங்கள். தோல் கறுத்துச் சுருங்கிப் போயிற்றே என்று ஒதுக்காதீர்கள். அப்போதுதான் ருசி!

அப்பா வாங்கிய பூட்டு

சேலைக்கு முணுமுணுத்த அப்பா, தமக்கு ஒன்றும் வாங்கவில்லை என்று நினைத்தீர்களா? வாங்கினார். திண்டுக்கல்லில் பஸ் மாறும்போது நைசாகப் போய் ஒரு பூட்டு வாங்கி, மடியில் கட்டிக்கொண்டார். வீட்டுக்கு வந்த பிறகுதான் எங்களுக்கே தெரியும்.

திண்டுக்கல் பூட்டுக்குத் தமிழ்நாட்டில் அறிமுகம் தேவை இல்லை. இரும்பையும் பித்தளையையும் கையால் வெட்டி, அராவி, உள்ளே நெம்புகளை அடுக்கிச் செய்வார்கள். சாவியில் உள்ள ஒவ்வொரு பல்லும் ஒரு நெம்பைச் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். எல்லா நெம்பும் ஒன்றாகச் சேர்ந்து வழி விட்டால்தான் பூட்டு திறக்கும். நெம்பு அதிகமானால் பத்திரமும் அதிகம். மாங்காய் வடிவத்தில் செய்ததற்கு மாங்காய்ப் பூட்டு என்று பெயர். சாவியைத் திருப்பும்போது மணி அடிக்கும் பூட்டும் உண்டு.

இந்தப் பூட்டுக்கும் 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் குறியீடு வந்த வேகத்தில் வேலைக்கு ஆள் வரவில்லை. வடக்கே அலிகாரில் இருந்து எந்திரத்தில் செய்த பூட்டுகள் மலிவாக வந்து குவிகின்றன. பட்டறையில் உட்கார்ந்து அரம் பிடிக்கிறவர்களில் பலர் வயதானவர்கள். கடையில் கேட்கும்போது, "இங்கே செய்ததா, வெளியில் இருந்து வந்ததா?" என்று கேளுங்கள். திண்டுக்கல்லில் விற்பதெல்லாம் திண்டுக்கல் பூட்டு ஆகி விடாது.

அப்பாவின் பூட்டு இன்னும் எங்கள் வீட்டுப் பெட்டியில் தொங்குகிறது. இரண்டு சாவியில் ஒன்றை அண்ணன் கிணற்றில் போட்டு விட்டான். அதற்கு வாங்கிய அடி அவனுக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. பூட்டைப் பார்த்தாலே முதுகைத் தடவிக்கொள்கிறான்.

சின்னாளப்பட்டிக்குப் பக்கத்தில்

சேலை எடுத்த கையோடு, குழந்தைகளை அழைத்துக்கொண்டு காந்திகிராமம் பக்கம் போய் வாருங்கள்.

1947-ல் டாக்டர் சௌந்திரம் அம்மையாரும் அவர் கணவர் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கியது அது. சௌந்திரம் அம்மையார், டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கிய டி.வி. சுந்தரம் அய்யங்காரின் மகள். கார், பஸ் கம்பெனி வீட்டுப் பெண், டாக்டருக்குப் படித்து விட்டு, பட்டணத்தில் இருக்காமல் கிராமத்துக்கு வந்து பிரசவம் பார்த்தார். அவர் தொடங்கிய ஆஸ்பத்திரியும், பல்கலைக்கழகமாக வளர்ந்த கிராமியக் கல்வி நிலையமும் இன்றும் இருக்கின்றன.

அங்கே ஒரு கதர்த் துண்டு வாங்கி, பையனிடம் கொடுங்கள். கொடுக்கும்போது ஒரு கதையும் சொல்லுங்கள். 1921-ம் ஆண்டு செப்டம்பர் 22-ந் தேதி, மதுரை மேலமாசி வீதியில் ஒரு வீட்டில் தங்கி இருந்த காந்தி, சட்டையையும் தொப்பியையும் துறந்து முழங்கால் அளவு வேட்டிக்கு மாறினார். அந்த வீட்டிலும் பின்னாளில் கதர்க் கடை வந்தது. துண்டு சிறிசுதான். அதன் கதை பெரிசு.

திண்டுக்கல் கோட்டைக்கும் ஏறுங்கள். ஐதர் அலி ஆண்ட கோட்டை. பாறையிலே செதுக்கிய படி. அங்கே இருந்து மட்டும் எதையும் எடுத்து வராதீர்கள். ஒரு செங்கல்தானே, ஒரு கல்தானே என்று தோன்றும். வருகிறவர்கள் எல்லாம் ஒரு கல் எடுத்தால் கோட்டை எங்கே இருக்கும்? நுழைவுச் சீட்டு இருக்கிறதே, அதுவே நல்ல நினைவுப் பொருள். பின்பக்கம் தேதியைப் போட்டு, கூட வந்தவர்கள் பெயரைக் குழந்தையை விட்டே எழுதச் சொல்லுங்கள். செலவு இல்லை, எழுத்துப் பயிற்சியும் ஆயிற்று.

கடற்கரை ஊர்களுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. பவளப் பாறைத் துண்டு, கடல் குதிரை, சில வகைச் சங்கு, சிப்பி ஆகியவற்றை வாங்குவதும் விற்பதும் குற்றம். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் 2001-ல் இவற்றையும் சேர்த்து விட்டார்கள். "கரையில் ஒதுங்கியதுதானே சார்!" என்று விற்கிறவர் சொல்வார். போலீசாரிடம் அந்தப் பதில் செல்லாது.

வீட்டில் ஒரு ஏற்பாடு

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஒரு பயணத்துக்கு ஒரு பொருள். வீட்டுக்கு ஒன்று, அவ்வளவுதான். அது அந்த ஊரில் செய்ததாக இருக்க வேண்டும். செய்தவரையோ, செய்கிற இடத்தையோ கண்ணால் பார்த்திருந்தால் இன்னும் நல்லது. அலமாரியில் பூட்டி வைப்பதற்கு அல்ல, வீட்டில் புழங்குவதற்கு ஆக வேண்டும்.

எதை வாங்குவது என்பதை ஒவ்வொரு பயணத்தில் ஒருவர் முடிவு செய்வார். போன தடவை என் பேரன் முறை. ஆறு வயது. மலைக்கடையில் இருந்த பிளாஸ்டிக் துப்பாக்கிதான் வேண்டும் என்றான். அரை மணி நேரம் வாதாடினோம். கடைசியில் துப்பாக்கிதான் வந்தது. எல்லாத் திட்டமும் பலிக்குமா?

பொருள் வீட்டுக்கு வந்ததும், ஒரு சீட்டில் ஊர், தேதி, வாங்கியவர், என்ன நடந்தது என்று நாலு வரி எழுதி அதனோடு வைத்து விடுவோம். துப்பாக்கிக்கும் எழுதி வைத்திருக்கிறோம்.

அப்பத்தா சேலைக்கு மட்டும் சீட்டு இல்லை. அதன் சீட்டு அம்மாவின் வாயில்தான் இருந்தது. ஆகவே சென்ற பொங்கலுக்கு எல்லோரும் கூடி இருந்தபோது, அம்மா சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அப்பத்தா எந்தத் திண்ணையில் உட்கார்ந்தார், என்ன பேரம் பேசினார் என்று அம்மா ஒன்று விடாமல் சொன்னார். எனக்குத் தெரியாத ஒன்றும் அதில் வந்தது.

அந்தச் சேலையைக் கடைசியில் தேர்ந்தெடுத்தது அப்பத்தா அல்லவாம். அப்பத்தாவுக்குப் பச்சைச் சேலைதான் பிடித்திருந்ததாம். நிழலில் நின்று முணுமுணுத்துக்கொண்டு இருந்த அப்பாதான், யாரும் பார்க்காத நேரத்தில், "அரக்கை எடுக்கச் சொல்லு" என்று அம்மாவிடம் கண் ஜாடை காட்டினாராம்.

எழுதி முடித்ததும் தங்கை மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மாசியில் வளைகாப்பு.

"அம்மாச்சி, இந்தத் துணியை எனக்குக் கொடுத்துடு. தூளிக்குள்ள விரிக்கிறேன்" என்றாள்.

அம்மா துணியைப் பிரித்து, வெளிச்சத்தில் பிடித்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். அப்பத்தா பார்த்தது போலவே.

"பாதி தர்றேன். பாதி இங்கேயே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்கோலை எடுத்து வரச் சொன்னார்.